கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆச்சி

கேரளத்தில் பிரச்சாரம் சும்மா முடியாது. வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முந்திய சாயங்காலம் எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே முக்கில் வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தி, செண்டை, நாசிக் டோல், கொடி, வண்ணக் காகிதத் தூள் என்று ஊரையே அதிரவைப்பார்கள். கொட்டிக்கலாசம் என்று அதற்குப் பெயர். நேரம் முடிந்ததும் போலீஸ்காரர் விசில் ஊதுவார், அத்தனை சத்தமும் சட்டென்று அடங்கும். பிறகு 48 மணி நேரம் மௌனம். 1951-ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. அந்த நேரத்தில் கூட்டம் போட்டால் இரண்டு வருடம் வரை ஜெயில்.

அதே சட்டத்தில் நாலு பிரிவு தள்ளி 130 இருக்கிறது. வாக்குப்பதிவு நாளன்று சாவடியிலிருந்து நூறு மீட்டருக்குள் யாரும் ஓட்டுக் கேட்கக் கூடாது. இன்னாருக்குப் போடாதே என்று சொல்லக் கூடாது. போடவே வேண்டாம் என்றும் சொல்லக் கூடாது. தேர்தல் சம்பந்தமான அறிவிப்போ அடையாளமோ எதையும் காட்டக் கூடாது. மீறினால் அபராதம், அதிகபட்சம் 250 ரூபாய். சட்டம் எழுதிய காலத்தில் நூறு கஜம் என்று இருந்தது, பிற்பாடு நூறு மீட்டர் ஆனது. அந்த வகையில் தூரம் எட்டரை மீட்டர் கூடியது. அபராதம் ஒரு பைசா ஏறவில்லை. ஆக, எங்கோ மைதானத்தில் நின்று மைக்கில் கத்தியவனுக்கு இரண்டு வருடம். சாவடி வாசலில் நின்று காதோடு காதாகச் சொன்னவனுக்கு, இன்றைய கொச்சி தேவரா மார்க்கெட்டில் ஒரு கிலோ நெய்மீன் கூட வாங்க முடியாத தொகை.

தேவராவில் எங்கள் வீடு இந்த 130-ஆம் பிரிவின் மேலேயே உட்கார்ந்திருந்தது. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வில்லிங்டன் தீவுத் துறைமுகத்துக்கு வேலைக்கு வந்து, வாடகைக்குப் பிடித்து, பிறகு மெல்ல சொந்தமாக்கிக்கொண்ட ஓட்டு வீடு. பின்பக்கம் பள்ளிக்கூடம். தேர்தலுக்கு முதல் நாள் ஒரு ஊழியர் டேப்போடு வந்து அளந்து, ரோட்டின் குறுக்கே சுண்ணாம்புத் தூளால் கோடு போடுவார். அந்தக் கோட்டை நேரே நீட்டினால் எங்கள் கிணற்றுக்கும் நடைக்கும் நடுவே வீட்டைக் குறுக்காக வெட்டும். முன்திண்ணை கோட்டுக்கு வெளியே. அடுக்களை உள்ளே.

சட்டமோ பொது இடம், தனியார் இடம் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. இதை யாரோ ஒரு வாத்தியார் எங்கள் ஆச்சியிடம் விளக்கியிருக்கிறார். ஆச்சி கேட்டாள்: “அப்போ நாளைக்கு அடுக்களையில நின்னு எங்க வீட்டு மனுசன்கிட்ட ‘இன்னாருக்குப் போடுங்க’ன்னு சொன்னா போலீசு பிடிச்சிருமா? நாப்பது வருசமா அங்க நின்னுதானய்யா எல்லாத்தையும் சொல்லிக்கிட்டிருக்கேன்.” வாத்தியாரிடம் பதில் இல்லை. சட்டப்படி ஆச்சி சொன்னது குற்றம்தான். அதைப் பிடிக்க ஆளும் இல்லை, பிடிக்கிற நாடு ஒன்று இருந்தால் அங்கே குடியிருக்கவும் முடியாது.

ஆச்சிக்குக் காமராஜர் கட்சி. காங்கிரஸ் எத்தனை துண்டானது என்று அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டாள். பசுவும் கன்றும் போய்க் கை சின்னம் வந்தபோது மட்டும் மிகவும் சந்தோஷப்பட்டாள். அதைக் காட்டத் தனியாக நோட்டீஸ் எதுவும் வேண்டாமே. 1980-இலும் 1982-இலும் ஓட்டுப் போட வருகிறவர்கள் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆச்சி திண்ணையில் வெற்றிலைச் செல்லத்தோடு உட்கார்ந்து, போகிற வருகிற ஒவ்வொருவரையும் வலது கையை விரித்து உயர்த்தி, “நல்லா இருங்க மக்கா” என்று ஆசீர்வதித்தாள். மற்ற நாட்களில் ஆச்சி அவ்வளவு தாராளமாக யாரையும் ஆசீர்வதித்து நாங்கள் பார்த்ததில்லை.

எதிர் முகாமின் சகாவு ஒருவர், துறைமுகத்தில் அப்பாவோடு வேலை பார்த்தவர், வந்து திண்ணைக்குக் கீழே நின்றார். “அம்மச்சி, கையை விரிச்சுக் காட்டக் கூடாது. மடக்கி வச்சு ஆசீர்வாதம் பண்ணுங்க.”

“மடக்கினா அது ஒன் கட்சி லால் சலாம் ஆயிருமேலே. அதுக்கா சொல்லுதே?”

பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் சிரிப்பை அடக்கத் தொப்பியைக் கழற்றிச் சரிசெய்துகொண்டார். சகாவும் சிரித்துவிட்டார். உள்ளேயிருந்து காப்பி வந்தது, குடித்துவிட்டுப் போனார். புகார் என்று எதுவும் எழுதவில்லை. எழுதினால் அவருடைய மேசையையும் யாராவது வந்து பார்ப்பார்களே.

சாவடிக்குப் பக்கத்தில் கட்சிக்காரர்கள் போடும் அந்த மேசைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேர்தல் நடத்தை விதி என்பது முதன்முதலில் உருவானதே கேரளத்தில்தான், 1960 சட்டமன்றத் தேர்தலின்போது. பிறகுதான் அதைத் தேர்தல் ஆணையம் நாடு முழுவதுக்கும் எடுத்துக்கொண்டது. வாக்காளருக்குக் கொடுக்கும் சீட்டு வெறும் வெள்ளைத் தாளாக இருக்க வேண்டும், அதில் சின்னமோ கட்சிப் பெயரோ கூடாது. சாவடிக்குப் பக்கத்து முகாமில் கொடி, போஸ்டர் கூடாது, கூட்டம் சேர்க்கக் கூடாது, தின்பண்டம் பரிமாறக் கூடாது என்று அதில் இருக்கிறது. தான் பெற்ற பிள்ளையைக் கேரளம் எப்படிப் பேணியது என்பதற்கு நான் சாட்சி. இரண்டு மேசையிலும் பழம்பொரி இருந்தது. ஒரு மேசையில் சாயாவும் மற்றதில் நாரங்காவெள்ளமும். சீட்டு வெள்ளைத்தாள்தான். ஆனால் அதைச் சுற்றிக் கொடுக்கிற காகிதம் வெள்ளை இல்லை.

எங்கள் பாகத்து வாக்காளர் பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் கொஞ்சம் உண்டு. மலையாளத்தில் அச்சாகும்போது அவை உருத்தெரியாமல் போய்விடும். வாத்துருத்திப் பக்கமிருந்து வந்து குடியேறிய ஆட்கள் தங்கள் பெயரைத் தாங்களே கண்டுபிடிக்க முடியாமல் நிற்பார்கள். இரண்டு மேசைக்காரர்களும் அப்பாவைக் கூப்பிடுவார்கள். அப்பா முதலில் ஒரு மேசையில் உட்கார்ந்து நாலு பேருக்குப் பெயர் தேடிக் கொடுத்து ஒரு பழம்பொரி, பிறகு அடுத்த மேசையில் நாலு பேருக்குத் தேடிக் கொடுத்து இன்னொன்று. அவர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பது கடைசிவரை எங்களுக்கும் தெரியாது.

வாக்காளரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவதும் அதே சட்டத்தின்படி ஊழல் நடவடிக்கைதான். ஜீப்புகள் நாள் முழுக்க ஓடின. எதிர்வீட்டுச் சேச்சி ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு கட்சி ஜீப்பில் ஏறிப் போய் இன்னொரு கட்சிக்கு ஓட்டுப் போட்டுவிட்டு, அதே ஜீப்பில் மீன் வாங்கிக்கொண்டு திரும்புவாள். நீ என் பழம்பொரியைப் பார்க்காதே, நான் உன் ஜீப்பைப் பார்க்க மாட்டேன் என்று இரண்டு பக்கமும் உடன்படிக்கை. கோட்டைக் காப்பாற்றியதும் போலீஸ் அல்ல, அந்த உடன்படிக்கைதான். மூன்றாவது ஒருவன், வெளி வார்டிலிருந்து வந்த ஆள், கோட்டைத் தாண்டிப் போய் வரிசையில் நின்றவர்களிடம் நேரடியாகப் பேச ஆரம்பித்தபோது இரண்டு மேசையும் ஒன்றாக எழுந்து போய் அவனை இழுத்துக்கொண்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். கான்ஸ்டபிள் பின்னால் நடந்து வந்தார்.

ஆணையத்தின் அதிகாரம் எதுவரை என்கிற பெரிய வழக்கும் எங்கள் ஜில்லாவிலிருந்துதான் கிளம்பியது. 1982 மே மாதம் பரவூர் தொகுதியில் ஐம்பது சாவடிகளில் இந்தியாவிலேயே முதல்முறையாக மின்னணு எந்திரம் வைத்தார்கள். சிவன் பிள்ளை 123 ஓட்டில் ஜெயித்தார், தோற்ற ஏ.சி. ஜோஸ் கோர்ட்டுக்குப் போனார். 1984-இல் உச்ச நீதிமன்றம், சட்டம் பேசாத இடத்தில்தான் ஆணையம் தன் அதிகாரத்தைக் காட்டலாம், சட்டம் தெளிவாகப் பேசியிருக்கிற இடத்தில் அதை மீற முடியாது என்று சொல்லி, அந்த ஐம்பது சாவடிக்கும் மறுபடி ஓட்டுப்பதிவு நடத்தச் சொன்னது. இந்தமுறை ஜோஸ் ஜெயித்தார். எந்திரத்தைச் சட்டத்தில் ஏற்ற இன்னும் ஐந்து வருடம் ஆனது. எங்கள் சகாவுக்கு இந்தத் தீர்ப்பு பிடிக்கவில்லை. ஆனால் ஆணையத்துக்கும் ஒரு கோடு உண்டு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டதாகப் பல வருடம் கழித்துச் சொன்னார்.

அந்தக் கோட்டை அழிக்காமலே அதன்மேல் ஏறி நின்றவர் டி.என். சேஷன். பாலக்காடு திருநெல்லாய்க்காரர், கேரளத்துத் தமிழர். 1990 டிசம்பரில் தலைமைத் தேர்தல் ஆணையரானார், 1996 டிசம்பர் வரை ஆறு வருடம். 130-ஆம் பிரிவில் அவர் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை, மாற்ற அவருக்கு அதிகாரமும் இல்லை. அதே நூறு மீட்டர், அதே 250 ரூபாய். ஆனால் தேர்தலையே நிறுத்திவிடுவார் என்று கட்சிக்காரர்கள் பயந்தார்கள், தூக்கியடித்துவிடுவார் என்று அதிகாரிகள் பயந்தார்கள். 1996 தேர்தலில் எங்கள் தெருவில் பழம்பொரி இல்லை. சுவர்கள் வெளுத்துக் கிடந்தன. டேப் பிடிக்க வந்த ஊழியர் இரண்டு தடவை அளந்தார். ஆச்சிக்கு அப்போது எண்பதுக்கு மேல். வழக்கம்போலத் திண்ணைக்கு வந்தாள். ஆனால் வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

“ஏன் ஆச்சி, ஆசீர்வாதம் இல்லையா?”

“நம்ம பாலக்காட்டுப் பிள்ளை டெல்லியில இருந்து பார்த்துக்கிட்டிருக்கானாம்லா. நமக்கு எதுக்கு வம்பு.”

இந்தியத் தண்டனைச் சட்டம் முழுவதும் சேர்ந்து சாதிக்க முடியாததை ஒரு மனிதர் மேல் இருந்த பயம் சாதித்தது. அதே நேரம் எனக்கு ஆச்சியின் மேல் இரக்கமாகவும் இருந்தது. தன் வீட்டுத் திண்ணையில், அதுவும் கோட்டுக்கு வெளியே, கையை ஒளித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சேஷனுக்குப் பிறகு எல்லாம் சுத்தம். முகாம் மேசை சாவடியிலிருந்து 200 மீட்டர் தள்ளி, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, வெயிலுக்கு ஒரு குடை, அளவு சொல்லி ஒரே ஒரு பேனர் என்று ஆணையம் வரையறுத்திருந்தது. சாவடிக்குள் கேமரா வைத்து நேரலையாகப் பார்க்கிறார்கள். கோட்டுக்குள் செல்போன் கூடாது என்று பலகையும் இருந்தது. மேசைகளில் உட்கார்ந்திருக்கும் பையன்கள் எம்.பி.ஏ. படித்தவர்கள் போல இருக்கிறார்கள். பிளாஸ்க்கில் கொண்டுவந்த சாயாவைத் தாங்கள் மட்டும் குடிக்கிறார்கள். யாரும் கோட்டைத் தாண்டுவதில்லை, தாண்ட வேண்டிய தேவையும் இல்லை.

2021 ஏப்ரல் 6. காலை வரிசையில் நிற்கிறேன். பலகைக்குக் கீழேயே எல்லார் கையிலும் போன். சென்னையிலிருந்து மச்சான் மகன் வீடியோ அனுப்பியிருக்கிறான்: நடிகர் விஜய் நீலாங்கரையில் சைக்கிளில் ஓட்டுப் போடப் போகிறார். சைக்கிள் கறுப்பும் சிவப்புமாம், அதனால் தி.மு.க.வுக்குச் சொல்லாமல் சொல்கிறாராம். இல்லை, பெட்ரோல் விலையைச் சொல்கிறாராம். சாவடி பக்கத்துத் தெரு, சந்து குறுகல், கார் நிறுத்த இடமில்லை என்று அவர் தரப்பில் பிறகு சொன்னார்கள். எந்தச் சட்டத்தில் சைக்கிளின் பெயின்ட்டைப் பிடிப்பது?

அதற்குள் மலையாள சேனல்களின் துண்டுகள் வர ஆரம்பித்தன. சங்ஙனாச்சேரியில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்த நாயர் சங்கப் பொதுச்செயலாளர் சுகுமாரன் நாயர், ஜனங்கள் ஆட்சி மாற்றம் விரும்புகிறார்கள் என்று மைக்கில் சொன்னார். கண்ணூரில் ஓட்டுப் போட்டுவிட்டு முதலமைச்சர் பினராயி விஜயன், ஐயப்பனும் மற்ற எல்லாத் தெய்வங்களும் இந்த அரசின் பக்கம்தான் என்று பதில் சொன்னார். ஆணையத்துக்குப் புகார்கள் போயின. அதற்குள் அந்த இரண்டு வாக்கியமும் கேரளத்தின் எல்லாச் சாவடி வரிசைகளுக்குள்ளும், எங்கள் சுண்ணாம்புக் கோட்டுக்குள்ளும் புகுந்து உட்கார்ந்துவிட்டன. எனக்கு முன்னால் நின்ற சேட்டன் பின்னால் நின்றவருக்குக் காட்டினார், அவர் போலீஸ்காரருக்குக் காட்டினார், போலீஸ்காரர் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். சபரிமலை ஐயப்பனை எதிர்த்து 250 ரூபாய் ரசீது எழுத அந்தப் போலீஸ்காரரால் ஆகுமா?

2024 ஏப்ரல் 26-இலும் அதே கதை. காலையிலிருந்து மார்க்சிஸ்ட் தலைவர் இ.பி. ஜெயராஜன் பா.ஜ.க.வின் ஜாவடேகரைச் சந்தித்த விஷயம்தான் பேச்சு. இதற்கும் முதலமைச்சர் ஓட்டுப் போட்ட கையோடு, பாவியோடு சிவன் சேர்ந்தால் சிவனும் பாவியாவான் என்று சொன்னார். போதாததற்கு, இன்னொரு கட்டத்தில் ஓட்டுப் போடப்போகிற மாநிலத்தில் நடக்கும் பொதுக்கூட்டம் நம் வரவேற்பறை டி.வி.யில் நேரலை. 48 மணி நேர மௌனத்தை எப்படிக் காப்பது என்று ஆராய ஆணையம் முன்பே ஒரு குழு போட்டிருந்தது. 2019-இல் சமூக ஊடகக் கம்பெனிகள் தாமாக முன்வந்து, ஆணையம் சொன்னால் மூன்று மணி நேரத்துக்குள் தவறான பதிவை எடுத்துவிடுவோம் என்று வாக்குக் கொடுத்தன. அந்த மூன்று மணி நேரத்தில் எங்கள் சாவடியில் நானூறு பேர் ஓட்டுப் போட்டு வீட்டுக்குப் போய் மீன்குழம்பு வைத்துவிடுவார்கள்.

கோடே இல்லாமல் ஒரு தேர்தலும் நடந்தது. 2019 அக்டோபர் 21, எர்ணாகுளம் இடைத்தேர்தல். ஹைபி ஈடன் எம்.பி. ஆனதால் காலியான இடம். முதல் நாள் ராத்திரியிலிருந்து மழை, கொச்சி நகரமே தண்ணீருக்குள். சில சாவடிகளைத் தரைத்தளத்திலிருந்து மாடிக்குத் தூக்கினார்கள். எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். சுண்ணாம்புக் கோடு காயலுக்குப் போயே போய்விட்டது. மூன்று கட்சிப் பையன்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிழவர் கிழவிகளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு நாற்காலிக்கு நாலு பேர். அந்த நாலு பேரும் ஒரே கட்சி இல்லை. அவர்கள் நாற்காலியைச் சாவடி வாசல்வரை கொண்டுபோய் இறக்கினார்கள். போகிற வழியில் யாராவது காதில் ஏதாவது சொல்லியிருந்தால் மழையில் கேட்டிருக்காது. வாக்குப்பதிவு அறுபது சதவீதத்தைத் தொடவில்லை, டி.ஜே. வினோத் 3,750 ஓட்டில் ஜெயித்தார். வெள்ளத்துக்காக ஹைகோர்ட் மாநகராட்சியைத்தான் திட்டியது. நூறு மீட்டரைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை.

அடையாளம் எது, எது இல்லை என்பதில் உலகமே குழம்பித்தான் கிடக்கிறது. 2012-இல் உத்தரப்பிரதேசத்தில் மாயாவதி வைத்த யானைச் சிலைகளைத் துணி போட்டு மூடச் சொன்னது ஆணையம். மூடிய பிறகும் அது யானை மாதிரிதான் இருந்தது. ஆந்திராவில் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸின் சின்னம் மின்விசிறி. பள்ளிக்கூட வகுப்பறையில் எந்திரத்துக்கு நேர் மேலே அது நாள் முழுக்கச் சுற்றுகிறது. 2014-இல் ஓட்டுப் போட்டுவிட்டு மோடி தாமரையைக் காட்டி செல்ஃபி எடுத்ததற்கு ஆணையம் வழக்குப் போடச் சொல்லி, போட்டார்கள்; பிறகு விசாரணையில் அது நிற்கவில்லை. கேரள காங்கிரஸ் (மாணி) கட்சிக்கு இரட்டை இலை. தேனிப் பக்கமிருந்து முதல்முறை வந்த உறவுக்காரர் ஒருவர் கோட்டயத்துச் சுவரில் அதைப் பார்த்துவிட்டு, “எம்.ஜி.ஆர். இங்கேயும் நிக்கிறாரா?” என்று கேட்டார். கை சின்னத்தைச் சொல்லவே வேண்டாம். ஒவ்வொரு வாக்காளரும் இரண்டு கொண்டுபோகிறார், ஒன்றில் அரசாங்கமே மை வைத்து அனுப்புகிறது.

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலம் அரசியல் சம்பந்தமான எந்தச் சட்டை, எந்த பேட்ஜும் சாவடிக்குள் கூடாது என்றது. ‘என் அடையாள அட்டையைக் கேளுங்கள்’ என்கிற அர்த்தத்தில் பட்டன் குத்தி வந்த ஒருவரை நிறுத்த, வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2018-இல் ஏழுக்கு இரண்டு என்று அந்தத் தடையை ரத்து செய்தார்கள். சாவடியை அமைதியாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் எது அரசியல் என்பதை வாசலில் நிற்கும் ஊழியர் தன் மனம்போலத் தீர்மானிக்கும்படி விடமுடியாது என்பது தீர்ப்பு. இதே நீதிமன்றம் 1992-இல் டென்னசியின் நூறு அடி எல்லையைச் சரி என்று சொன்னதுதான். அங்கே நூறு அடி போதுமாம், நமக்கு நூறு மீட்டர். இங்கிலாந்தில் சாவடி வாசலிலேயே கட்சி வண்ணப் பூ குத்திக்கொண்டு ஆட்கள் உட்கார்ந்து, வந்து போகிறவர்களின் எண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள். ஆச்சிக்கு அந்த ஊர் பிடித்திருக்கும்.

என்னைக் கேட்டால், எங்கள் கான்ஸ்டபிள் அன்று தொப்பியைச் சரிசெய்ததுதான் நல்ல தீர்ப்பு. மிரட்டுகிறவனைப் பிடிக்க நூறு மீட்டர் வேண்டும், பணம் கொடுக்கிறவனைப் பிடிக்க வேண்டும். கிழவியின் கையைப் பிடிக்கச் சட்டம் இறங்கினால் அது எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கான்ஸ்டபிளால் கையாள முடிந்ததற்குக் காரணம் ஆச்சியை அவருக்குத் தெரியும், சகாவையும் தெரியும். ஐயப்பன் வீடியோவை அனுப்பிய ஆயிரம் பேரில் ஒருவனையும் இன்றைய போலீஸ்காரருக்குத் தெரியாது.

2025 மே மாதம் ஆணையம் விதியைத் தளர்த்தியது. சாவடிக்கு வெளியே போனை ஒப்படைக்க ஏற்பாடு, அதோடு, சீட்டு கொடுக்கும் கட்சி மேசையை இனி நூறு மீட்டர் தாண்டினாலே போடலாம். 200 மீட்டர் தள்ளி மார்க்கெட் முக்கில் கிடந்த மேசைகள் அப்படியே எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடும் என்று அர்த்தம். எங்கள் முன்வாசல் பலாமரம்தான் அந்தத் தெருவிலேயே பெரிய நிழல். அடுத்த வாக்குப்பதிவுக்கு இன்னும் நாள் இருக்கும்போதே ஒரு முன்னணியின் பையன் வந்து இடம் கேட்டான். மறுநாள் இன்னொரு முன்னணியின் பையன். இவன் அந்தப் பழைய சகாவின் பேரன். இப்போது நிற்பது வேறு கட்சியில். மூன்றாவது ஆள் போனில் கேட்டான்.

என் மனைவி மூன்று பேரையும் ஒரே சாயங்காலம் வரச் சொல்லி, திண்ணையில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள்.

“மரத்தடியில மூணு மேசையும் போட்டுக்கோங்க மக்களே. கரண்டு வேணும்னா வயர் இழுத்துக்கோங்க, பில்லை மூணாப் பிரிச்சுத் தந்திரணும். ஆனா ஒண்ணு. பாத்ரூம் அடுக்களைக்குப் பின்னால இருக்கு. அது நூறு மீட்டருக்குள்ள. போறவங்க பேட்ஜைக் கழட்டித் திண்ணையில வச்சிட்டுத்தான் போகணும்.”

“சேச்சி, அதுவரைக்கும் சட்டம் வருமா?”

“பொது இடம், தனியார் இடம் ரெண்டும்னுதான் போட்டிருக்கு. படிச்சுப் பாரு.”